வெள்ளைச் சீலையில் திறந்த துருசு

உருத்திரபுரத்தின் கடைசி வாய்க்காலில், அந்த வாய்க்காலிலும் கடைசி வயலாகக் கிடக்கும் கமலாசனியின் வயலுக்கு, அந்த வருடக் கோடைப் போகமான சிறுபோகத்தில் தண்ணீர் பாய்ந்தது குளத்தில் இருந்து அல்ல, இரண்டு பனைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்த ஒரு வெள்ளைச் சீலையில் இருந்து. சீலை, கோயில் பந்தலுக்கு வாங்கியதில் மிஞ்சியது. அதில் ஓடியது கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் தண்ணீரும் கறுப்பு வெள்ளையாகவே வந்தது. அந்தக் கிழமை கிளிநொச்சிச் சந்தையில் பச்சை மிளகாய் இறங்கியிருந்தது, தேங்காய் ஏறியிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். நம்பாதவர்கள் வந்து கேட்கலாம், தேத்தண்ணீரும் கிடைக்கும்.

படத்தைக் கொண்டுவந்தவர் முத்தலிப். முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் தன் ஊர் முஸ்லிம் சனத்தோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஆயுளில் பாதியைக் கழித்து, சண்டை முடிந்தபின் திரும்பி வந்து பழைய இரும்பு வியாபாரம் தொடங்கியவர். இரும்பு தேடிப் போன இடங்களில் அவருக்குத் தகரப் பெட்டிகள் அகப்பட்டன. பெட்டிக்குள் பிலிம் சுருள்கள் இருந்தன. மற்றவர்கள் தகரத்தை எடுத்துக்கொண்டு பிலிமை எறிந்தார்கள், முத்தலிப் பிலிமை எடுத்துக்கொண்டு தகரத்தையும் எடுத்துக்கொண்டார். ஆனால் கதாநாயகன் பாடுகிற பெரிய படம் எதையும் அவர் வீட்டுக்குள் ஏற்றவில்லை. மூன்று மணித்தியாலம் அழுவதற்கு ஒரு மனுசன் ஏன் இவ்வளவு பாரம் காவ வேண்டும் என்று கேட்பார். அவருக்கு வேண்டியது அரைமணித்தியாலத்துக்குள் முடிகிற சின்னப் படங்கள்: பல் தீட்டும் முறை, நுளம்பு ஒழிப்பு, கூட்டுறவுக் கடையின் நன்மைகள், கூட்டெரு செய்வது எப்படி. யாரோ ஒரு திணைக்களம் என்றோ எடுத்து, சனத்துக்குக் காட்டி, பிறகு மறந்துபோன படங்கள். பழைய பெனியனை வெட்டிக் கையுறை தைத்துப் போட்டுக்கொண்டுதான் அவற்றைத் தொடுவார். வீட்டு அலுமாரி முழுக்க அதுதான். பழைய பிலிமில் வீசுகிற வினாகிரி மணம் பிடிக்காத சாறி தன்னிடம் ஒன்றுகூட இல்லை என்று அவருடைய மனைவி மஸீனா வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டவர்களுக்குக் காசு வாங்காமல் போய்ப் படம் காட்டுவார் முத்தலிப். ஒரு சின்ன ஜெனறேற்றர், ஒரு புரொஜெக்டர், அவ்வளவுதான். பிள்ளைகள் நுளம்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்கு அது போதும்.

துருசு என்கிற குளத்து மதகைத் திறக்கிற அந்தப் படம் அவருக்குக் கிடைத்தது மாங்குளத்தில், இடிந்து கிடந்த ஒரு வீட்டின் குசினிப் பரணில். தலைப்பு வருகிற துண்டை யாரோ முன்னமே கிழித்துவிட்டதால் படத்தின் பெயரும் தெரியாது, அது எந்தக் குளம் என்பதும் தெரியாது. ஒரு பெரிய குளம், அணைக்கட்டின் மேல் கொடிகள், வேட்டி கட்டிய ஒருவர் துருசைத் திறக்கிறார், தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் விழுகிறது. பாதிக்கு மேல், காடு வெட்டிக் குடியேறிய சனம் தங்கள் புதிய வயல்களில் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்கிறது. கொழும்பிலும் விசாரித்தார், மெட்ராசிலும் ஆள்விட்டுக் கேட்டார். அப்படி ஒரு படம் எடுத்ததாகவே ஒருவருக்கும் தெரியவில்லை. உலகத்தில் உள்ள ஒரே பிரதி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த அன்று முத்தலிப்புக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுச் சுவரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அடுத்த நாள் சுவரில் ஈரம் ஊறியிருப்பதாக மஸீனா சொன்னார், கூரை ஒழுக்கு என்று இவர் சொன்னார். அப்போது மழை பெய்து மாதக்கணக்காகி இருந்தது.

இனிக் கமலாசனியின் விசயம். அவளுடைய புருசன் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து செத்துப்போனவர். காணி மாமனாரின் பெயரில் கிடந்து, இப்போது மாமனாரின் மூத்த மகன், அவள் புருசனின் தமையன் குணபாலசிங்கத்தின் கைக்குப் போயிருந்தது. அவர் கனடாவில் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, நத்தாருக்கு உடுப்பு அனுப்புகிறவர்தான். ஆனால் கடைசி வாய்க்காலில் தண்ணீர் வராது, பொம்பிளை ஒருத்தியால் கமம் செய்யவும் ஏலாது, தென்னை வைத்து ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று அவருக்கு யாரோ ஓதிவிட்டார்கள். "இந்தச் சிறுபோகம் விளைஞ்சால் காணியை உன்ர பேருக்கு மாத்திறன். விளையேல்லை எண்டால் என்னைக் குறை சொல்லாதை" என்று போனில் சொன்னார். அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்பின் தலைவர் இளையதம்பி, மேல் வாய்க்கால்களுக்கு மட்டும்தான் தண்ணீர், கடைசி வாய்க்கால்காரர் விதைக்க வேண்டாம் என்று அறிவித்தார். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். கமலாசனி விதைத்தாள். ஒரு நல்ல வெக்கைக் காலத்து மழை அவள் நெல்லை முளைக்க வைத்தது, அதற்குப்பிறகு வானம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலம் வெடிக்கத் தொடங்கிய நேரத்தில்தான் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு முத்தலிப் படம் காட்ட வந்தார்.

நிலையத்துச் சுவர் திருத்த வேலையில் இருந்ததால், சீலை கட்ட வாகாக நின்ற பனைகள் இரண்டும் கமலாசனியின் வரம்பில் இருந்ததால், படம் அங்கே நடந்தது. சனம் காய்ந்த வாய்க்காலுக்குள் உரப்பைகளை விரித்து இருந்தது. பல் தீட்டினார்கள், நுளம்பு செத்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு துருசுப் படம். வேட்டிக்காரர் துருசைத் திறந்தார், தண்ணீர் சீறியது, முன்வரிசையில் இருந்த வடிவம்மா "ஆரடி தண்ணி ஊத்தினது?" என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் ஊற்றவில்லை. சீலையின் கீழ் விளிம்பிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்து, உரப்பைகளை மிதக்கவிட்டு, வரம்பில் தண்ணீர் விட வெட்டியிருந்த வக்கடையைத் தானே கண்டுபிடித்து, கமலாசனியின் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சனம் எழும்பியது. சத்தம் வரவில்லை. இந்த ஊர் சத்தம் போட வேண்டிய இடங்களிலெல்லாம் போட்டுக் களைத்த ஊர். அன்று எல்லோரும் காலை மாறி மாறித் தூக்கிக்கொண்டு, வாய் திறந்தபடி, கணுக்கால் வரை பழைய தண்ணீரில் நின்றார்கள். புரொஜெக்டர் தன்பாட்டில் ஓடி, குடியேறின சனம் சிரிப்பதைக் காட்டி முடித்து, வெள்ளை வெளிச்சத்தை அடித்துக்கொண்டு நின்றது. அதை நிறுத்த முத்தலிப்புக்குக் கை வரவில்லை.

இளையதம்பி முதலில் நினைத்தது களவு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய வாய்க்கால் கதவடிக்குப் போய்ப் பார்த்தார். பூட்டுப் பூட்டினபடி கிடந்தது, அதைத் திறக்கிற ஒரே திறப்பு அவருடைய மடியிலேயே இருந்தது. திரும்பி வந்து தண்ணீரை ஒரு கை அள்ளி மணந்தார். வினாகிரி மணத்தது. கையை வேட்டியில் துடைத்துவிட்டு இன்னொரு கை அள்ளி மணந்தார். விடிந்ததும் பிள்ளைகள் வயலில் ஒரு கெளுத்தி மீன் பிடித்தார்கள். அதிலும் ஒரு நிறம் கிடையாது. வடிவம்மாவின் பூனை அதை மணந்து பார்த்துவிட்டு, தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு மீனை வேண்டாம் என்றுவிட்டுப் போனது. மீனை வடிவம்மா ஒரு பானையில் விட்டு வளர்த்தாள்.

முத்தலிப் அன்று முழுவதும் பிலிமை வேலியில் கட்டிய கயிற்றில் உலரப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவருக்கும் அதிர்ச்சிதான், ஆனால் அவருடைய அதிர்ச்சி வேறு. பிலிம் நனைந்து, படம் படிந்திருக்கிற மேற்பூச்சு அங்கங்கே பொங்கியிருந்தது. கமலாசனி தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முஸ்லிம் அண்ணன்மாரை ஊர் கூப்பிடுகிற முறையில் நானா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"நானா, இதை இன்னொருக்காப் போடுவியளே?"

"தங்கச்சி, இது ஒண்டுதான் இருக்கு. ஒவ்வொருக்கா ஓட்டேக்கையும் தேயுது. இப்ப நனைஞ்சும் போச்சு. இனி இதை ஒருத்தருக்கும் காட்டுறேல்லை எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்."

"என்ர வயலும் ஒண்டுதான் நானா. அதுவும் தேஞ்சு தேஞ்சுதான் கிடக்கு."

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, வெறும் கோப்பையை அவளிடம் நீட்டினார். காணி பறிபோவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அடுத்த கிழமை வந்தார். அதற்கு அடுத்த கிழமையும் வந்தார். இருட்டத் தொடங்குகிற மைம்மல் பொழுதில் சீலையைக் கட்டுவார்கள், துருசு திறக்கும், கமலாசனி மண்வெட்டியோடு வக்கடையில் நிற்பாள். யாரோ ஒரு பொடியன் படத்தைத் தன் போனில் எடுத்துப் போட்டுப் பார்த்தான், தண்ணீர் போனுக்குள்ளேயே நின்றுவிட்டது. இளையதம்பியும் ஒருநாள் தன் வயல் வரம்பில் சீலை கட்டுவித்தார். துருசு திறந்தது, தண்ணீர் சீறியது, சீலையில் ஒரு ஈரத்திட்டுக்கூட விழவில்லை. தான் படம் பார்க்கத்தான் கூப்பிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

பிலிமைக் காப்பாற்ற வழி சொன்னது கமலாசனிதான். தண்ணீர் வருவது துருசு திறக்கிற முன்பாதியில். பின்பாதியில் சனம் வயலில் நின்று சிரிப்பது மட்டும்தானே, அதை ஏன் தேய்க்க வேண்டும்? "மிச்சம் தேவையில்லை நானா, துருசோட நிப்பாட்டுங்கோ" என்றாள். முத்தலிப்புக்கு ஒரு படத்தைப் பாதியில் நிறுத்துவது, சாப்பிடுகிறவன் கையைப் பிடிப்பது போல. ஆனாலும் பாதி பிலிமாவது தப்பட்டும் என்று சம்மதித்தார். துருசு திறந்த வேட்டிக்காரர் சால்வையால் முகத்தைத் துடைப்பார், அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மேல் வாய்க்கால்காரன் தன் வயல் நிரம்பியதும் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான், கீழே தண்ணீர் போனதா இல்லையா என்று நடந்துபோய்ப் பார்க்க மாட்டான். இந்த ஊரில் தண்ணீர்ச் சண்டை எல்லாம் அதில்தான் தொடங்கும். அப்படிப் போகிறவர்களைக் கமலாசனி எத்தனையோ வருடம் வாய் ஓயாமல் திட்டியிருக்கிறாள். இப்போது தான் செய்வது அதுதான் என்று அவளுக்குப் புத்தியில் ஓடவில்லை.

நெல் வளர்ந்தது. சாம்பல் நிறத்தில் வளர்ந்தது. பக்கத்து வாய்க்காலில் பச்சை வயல்கள் காற்றில் அசைய, நடுவே அவளுடைய வயல் பழைய போட்டோ ஒன்றை விரித்ததுபோலக் கிடந்தது. றோட்டால் போகிற பஸ்சை நிறுத்திச் சனம் இறங்கிப் பார்த்தது. விவசாயப் போதனாசிரியர் நிரோஜா வந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள், வேரைப் பிடுங்கிப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "மஞ்சளானா யூரியா எண்டு சொல்லலாம் அக்கா. இதுக்கு என்னத்தைச் சொல்லுறது? பயிருக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றாள். தண்டு பருத்துக் குடலை வைத்து, கதிர் எட்டிப் பார்க்கிற நேரம் வந்துவிட்டது. நெல்மணி பால் பிடிக்கும்வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். அதைக் கடந்துவிட்டால் காணி அவளுடையது. குணபாலசிங்கத்துக்கு அவள் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

நடந்தது இதுதான். அன்றைக்கு வேட்டிக்காரர் துருசில் கை வைத்த நேரம் முத்தலிப்பின் போன் அடித்து, பாதிப் பேச்சில் அறுந்தது. அந்த வயலில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பெரிய வாய்க்காலின் கரைக்கட்டில் ஏறினால்தான் ஒழுங்காகக் கதைக்கலாம். பேசியது மஸீனா. செட்டிகுளத்தில் ஒருவர் வீட்டில் ஒரு பெட்டி பிலிம் இருக்கிறதாம், கறையான் அரிக்க முதல் வந்து பார்க்கட்டாம். பிலிம் என்ற சொல்லைக் கேட்டால் முத்தலிப்புக்கு உலகம் மறந்துவிடும். முகத்தைத் துடைக்கிற இடத்தில் புரொஜெக்டரின் குமிழைத் திருப்பச் சொல்லிக் கமலாசனியிடம் காட்டிவிட்டுக் கரைக்கட்டில் ஏறி ஓடினார். அவள் ஓம் என்றாள். ஆனால் அன்று தண்ணீர் மெல்லிசாக வந்தது, அவள் அதை வயலின் மூலைக்கு ஏற்ற வரம்போடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். குமிழை ஒருவரும் திருப்பவில்லை. படம் பின்பாதிக்குள் ஓடியது.

அறிவிப்பாளரின் குரல் வழமைபோல உற்சாகமாகத்தான் இருந்தது. "இதோ, நீர் வந்துவிட்டது. குடியேற்றவாசிகளின் முகங்களில் மகிழ்ச்சி ததும்புகிறது" என்றது அது. படத்தில் நீர் இல்லை. முன்பு தண்ணீர் பாய்ந்த வாய்க்கால் காய்ந்து கிடந்தது. முன்பு சிரித்த சனம் வெடித்த நிலத்தில் நின்றது. ஆண்கள் மண்வெட்டிகளை ஊன்றிக்கொண்டு, பெண்கள் வெறும் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் சீலைக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இனி இவர்கள் வாழ்வில் வளமே" என்றது குரல். இளையதம்பி உரப்பையிலிருந்து எழும்பிவிட்டார். வடிவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் பார்த்தது கமராவை அல்ல. அவர்கள் பார்த்தது கமலாசனியின் வயலை.

சனத்துக்குள் இருந்து ஒரு பெண் முன்னுக்கு வந்தாள். ஒல்லியான பெண், சேலையை உயர்த்திச் செருகியிருந்தாள், காலில் காய்ந்த சேறு. பிறகு ஊரில் அது இன்னாருடைய தாய், இன்னாருடைய பெரியம்மா என்று பலரும் உரிமை கொண்டாடினார்கள். ஒன்றும் உறுதியாகவில்லை, கமலாசனிக்கு அவள் முன்பின் தெரியாத ஒருத்தி. அவள் சீலையின் விளிம்புவரை வந்து நின்று வாயசைத்தாள். அறிவிப்பாளரின் குரல் மேலே கிடந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கமலாசனிக்கு விளங்கியது. இளையதம்பி வீட்டு வாசற்படலையடியில் ஒவ்வொரு சிறுபோகமும் தானே நின்று கேட்கிற கேள்வி அது. எங்களுக்கு எப்ப தண்ணி வரும்? கமலாசனியின் கையிலிருந்த மண்வெட்டி தண்ணீருக்குள் விழுந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் அவளுக்கு வந்ததில்லை.

முத்தலிப் கரைக்கட்டிலிருந்து இறங்கி வந்தபோது படம் முடிந்திருந்தது, ஒருவரும் போகவில்லை. என்ன நடந்தது என்று வடிவம்மாதான் சொன்னாள். அவர் பிலிமைக் கழற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். குளம் கட்டுமட்டத்துக்கு வெகு கீழே இறங்கியிருந்தது. வாராவாரம் அந்தக் குளத்தைத்தான் இவர்கள் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் கண் கலங்கியதை எல்லோரும் கண்டார்கள், பிலிமுக்காகவா சனத்துக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

"திருப்பிக் குடுக்கலாமோ நானா?" என்று கமலாசனி கேட்டாள்.

"பின்னுக்கு ஓட்டலாம். அதுக்கு ஒரு குமிழ் இருக்கு. பிள்ளையளைச் சிரிக்க வைக்க நான் சிலநேரம் ஓட்டுறனான். பால் குடிக்கிறவன் பாலைக் கிளாசுக்குள்ள திருப்பி விடுவான்." அவர் பிலிமின் ஓரத் துளைகளை விரலால் தடவினார். "கிழிஞ்சாலும் கிழியும். ஆனா ஓட்டலாம்."

இளையதம்பி குறுக்கே வந்தார். "உங்களுக்கு என்ன விசரே? பால் பிடிக்கிற நேரம் தண்ணியை வடிச்சா ஒரு மணி நெல்லுத் தேறாது. படத்தில நிக்கிற சனத்துக்குப் பசிக்குமே பிள்ளை? அதுகள் செத்து எத்தினை வருசம்."

"செத்ததோ இருக்கிறதோ, கடைசி வாய்க்கால்ச் சனம் தண்ணி கேட்டா நீங்கள் இப்பிடி ஏதாவதுதான் சொல்லுறனீங்கள் அண்ணை. எனக்கும் சொன்னனீங்கள்தானே."

கமலாசனி போய் வக்கடையை அகல வெட்டித் திறந்துவிட்டாள். தென்னைகள் வந்து நிற்பதை அவள் மனம் அப்போதே கண்டுவிட்டது என்று பிறகு சொன்னாள்.

முத்தலிப் அல்லாவை நினைத்துக்கொண்டு குமிழைப் பின்பக்கம் திருப்பினார். அறிவிப்பாளர் தன் சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்ப விழுங்கத் தொடங்கினார். சனம் பின்பக்கமாக நடந்து தங்கள் வயல்களுக்குப் போனது. துருசுக் காட்சி வந்ததும் கமலாசனியின் வயலில் நின்ற தண்ணீர் அசைந்தது, வக்கடைக்குத் திரும்பியது, மேட்டை நோக்கி ஏறியது, சீலையின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனது. வடிவம்மாவின் வீட்டுப் பானையிலிருந்து கெளுத்தி வெளியே பாய்ந்து, ஈரத்தில் நெளிந்து நெளிந்து வந்து அதோடு சேர்ந்தது. துருசு அவ்வளவையும் குடித்தது. பொங்கிக் கிடந்த பிலிம் புரொஜெக்டருக்குள் பொரிகிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு பொரிதலுக்கும் முத்தலிப் கண்ணை மூடித் திறந்தார். கிழியவில்லை. வேட்டிக்காரர் துருசிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பின்வாங்கிப் போனபோது வயலில் சேறு மட்டும் மின்னியது. பயிர் ஏற்கனவே குடித்ததை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது, மற்றதெல்லாம் போய்விட்டது. அந்தத் தண்ணீர் வந்ததைவிட அது போனதுதான் ஊரை அதிகம் உலுக்கியது. சனம் உரப்பைகளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

பச்சைப் பயிர் சாகும்போது மஞ்சளாகும், கண்ணால் பார்த்துச் சொல்லலாம். சாம்பல் பயிர் எதுவாக மாறும்? கமலாசனி காதால்தான் கேட்டாள். காற்றடிக்கும்போது தாள்கள் உரசுகிற சத்தம் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டு வந்தது. அந்த ஞாயிறு குணபாலசிங்கத்துக்குப் போன் எடுத்தபோது, சாப்பிட்டீர்களா என்று கேட்காமல், வயலில் தண்ணீர் இல்லை என்றாள். அவரும் அதிகம் கேட்கவில்லை. தென்னம்பிள்ளைகளுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை கூப்பிடாமலே முத்தலிப் வந்தார். இந்த முறை மஸீனாவும் கூட வந்திருந்தார். தன் அலுமாரியை விழுங்கிய படம் என்னதான் என்று பார்க்க வேண்டுமாம். "தண்ணிக்கு இல்லைத் தங்கச்சி. அந்தச் சனத்துக்குக் கிடைச்சுதோ எண்டு பாக்க வேணும். எனக்கு நித்திரை வருகுதில்லை" என்றார். சீலையைக் கட்டினார்கள். துருசு திறந்தது, தண்ணீர் சீறியது, ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. முத்தலிப் நிறுத்தவில்லை. பின்பாதி வந்தது. வாய்க்கால் நிறைய நீர், சனம் சிரித்தது, அறிவிப்பாளர் சொன்னதும் படமும் பொருந்திப் போனது. கடைசியில் அந்த ஒல்லிப் பெண் தன் வயலில் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். முத்தலிப் பெருமூச்சு விட்டு, குமிழுக்குக் கையைக் கொண்டுபோனார். "பொறுங்கோ, அவா வாறா" என்றார் மஸீனா.

அந்தப் பெண் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சீலையின் அடிவிளிம்புக்கு நடந்து வந்தாள். அங்கே அவளுடைய வயலின் கடைசி வரம்பு இருந்தது. கமக்காரருக்கு ஒரு முறை உண்டு: உன் வயல் நிரம்பினால் உனக்குக் கீழே உள்ள வயலுக்கு வக்கடை வெட்டிவிட வேண்டும். கடைசி வயல்காரிக்கு அந்த வேலை கிடையாது, அவளுக்குக் கீழே யாரும் இல்லை. அவள் கொஞ்சநேரம் குனிந்து வெளியே பார்த்தாள், கமலாசனியின் சாம்பல் வயலை மூலை மூலையாகப் பார்த்தாள். தனக்குக் கீழேயும் ஒரு வயல் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மண்வெட்டியை ஓங்கி வரம்பை வெட்டினாள். சீலையின் விளிம்பிலிருந்து ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் இறங்கியது. சீறவில்லை, அவசரப்படவில்லை. கமலாசனி வக்கடையில் குந்தி, அந்தத் தண்ணீருக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதாள். வடிவம்மாவும் அழுதாள். இளையதம்பி வேறு பக்கம் திரும்பி நின்று இருமினார்.

நெல் விளைந்தது. கால்வாசி உள்ளே அரிசி இல்லாத சப்பி, மிச்சம் நல்ல மணி. வெட்டுகிற மெசின்காரர் வயலைப் பார்த்துவிட்டு முதலில் இறங்க மாட்டேன் என்றார், பிறகு பக்கத்து வயலுக்கு வாங்கிய கூலியையே வாங்கிக்கொண்டு வெட்டிக் கொடுத்தார். அரிசி மற்ற அரிசிபோல வெள்ளைதான், சோற்றில் லேசாக வினாகிரி மணக்கும், மீன் குழம்புக்கு நன்றாகச் சேரும். வெட்டுக்கு முந்தின ஞாயிறு குணபாலசிங்கம் போனில் வயலைக் காட்டச் சொன்னார், அவள் கரைக்கட்டில் ஏறி நின்று காட்டினாள். "ஏன் கறுப்பு வெள்ளையாத் தெரியுது? உன்ர போன் பழுதே?" என்று கேட்டார். "போன் நல்ல போன் அத்தான், நெல்லு இப்பிடித்தான்" என்றாள் அவள். விளைந்தால் சரி என்று அவர் சொன்னார். காணி மாற்றின கடதாசி மாரி மழைக்கு விதைக்கிற காலபோகத்துக்கு முதல் வந்து சேர்ந்தது.

இப்போது ஒவ்வொரு சிறுபோகமும் முத்தலிப் வருகிறார். படத்தை முழுதாக ஓட்டுகிறார், கடைசியில் அந்தப் பெண் வக்கடை வெட்டுகிறாள், அவளுடைய தேவை போக மிஞ்சினது வருகிறது. சில கிழமைகளில் கூட வரும், சில கிழமைகளில் விரல் அகலம்தான் வரும், கமலாசனி அதைப்பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. போன வருடக் கூட்டத்தில் வாய்க்கால் துப்புரவுக்குப் பங்கு பிரித்தார்கள். தண்ணீர் வாங்குகிற ஒவ்வொருவரும் தன் பங்கு வாய்க்காலைப் புல் செதுக்கி, மண் வாரித் தர வேண்டும், வராதவர்களுக்குத் தண்டம். இளையதம்பி வாய்க்கால் வாய்க்காலாக ஆட்களைச் சொல்லிக்கொண்டு வந்து கடைசி வாய்க்காலுக்கு வந்ததும் நின்றார். கமலாசனிக்கு மேலே, சீலைக்குள் ஒருத்தி தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறாள், அவளுக்கும் ஒரு பங்கு உண்டுதானே, அதை யார் வெட்டுவது என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை, கூட்டத்திலும் ஒருவரும் சிரிக்கவில்லை. "அவாவின்ர பங்கை நான் வெட்டுறன்" என்றாள் கமலாசனி. கூட்டம் ஓம் என்றது. அடுத்த நாள் வெயில் ஏறும்வரை அவள் இரண்டு பேருடைய வாய்க்காலையும் துப்புரவாக்கினாள்.